ஒற்றைக் கேள்விக்குறி

கணக்கு நோட்டை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறீர்கள். நோட்டு திரும்பி வருகிறது. பக்கம் முழுவதும் நீங்கள் போட்ட கணக்கு. அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு பெரிய பெருக்கல் குறி. வேறு ஒன்றும் இல்லை. எந்த வரியில் தவறு? கூட்டலிலா, குறியிலா, கேள்வியையே தவறாக எடுத்து எழுதிவிட்டோமா? தெரியாது. இன்னோர் ஆசிரியர் இருக்கிறார். அவர் மூன்றாவது வரியில் ஒரு வட்டம் போட்டு, ‘கழித்தல் குறியை விட்டுவிட்டாய்’ என்று ஓரத்தில் எழுதுகிறார். இருவரும் சொன்னது ஒன்றுதான்: உங்கள் கணக்கு தவறு. ஆனால் இவர்களில் யாரிடம் நீங்கள் கணக்குக் கற்றுக்கொள்வீர்கள்?

கணிப்பொறி நிரல்களிலும் இந்த இரண்டு வகை ஆசிரியர்கள் உண்டு. முதல் வகையினர் மிகுதியாக இருக்கிறார்கள் என்பது என் குறை. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

கைப்பேசியில் படங்களைத் தொட்டே பழகியவர்களுக்குக் கட்டளை வரி என்பது சற்று விநோதமாகத் தோன்றும். கறுப்புத் திரை, அதில் மினுக்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான். பொத்தான் இல்லை, படம் இல்லை. நீங்கள் ஒரு சொல்லைத் தட்டச்சு செய்து ‘என்டர்’ விசையை அழுத்தினால், அந்தப் பெயருள்ள நிரல் ஓடித் தன் விடையை எழுத்தாகவே தரும். இது பழங்காலத்து முறை என்று எண்ணிவிடாதீர்கள். வானிலைக் கணக்குப் போடும் மாபெரும் கணிப்பொறிகளும், நீங்கள் பார்க்கும் இணையதளங்களைத் தாங்கி நிற்கும் கணிப்பொறிகளும் இன்றும் பெரும்பாலும் இப்படித்தான் இயக்கப்படுகின்றன. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் படிப்பவர்கள் இந்தத் திரையை ஏற்கெனவே சந்தித்திருப்பீர்கள்.

இங்கே நமக்கும் நிரலுக்கும் நடுவே இருப்பது சொல் ஒன்றுதான். ஆகவே நாம் தவறு செய்யும்போது நிரல் என்ன சொல்கிறது, உதவி கேட்கும்போது என்ன சொல்கிறது என்பவை வெறும் அலங்காரம் அல்ல. நிரலின் உடம்பில் அவையும் ஓர் உறுப்பு. கூட்டல் சரியாக வருகிறதா என்று சோதிக்கும் அதே அக்கறையோடு, பிழைச் செய்தி சரியாக வருகிறதா என்றும் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஒரு நொடிக்குப் பத்து எழுத்து

1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள் இருக்கும் லினக்ஸ் அதன் வழியைப் பின்பற்றி எழுதப்பட்டதே. யூனிக்ஸில் எழுத்துகளைத் திருத்துவதற்கு ‘ஈடி’ என்றொரு நிரல் இருந்தது. அதற்கு ஒரு தனிப் புகழ் உண்டு. கட்டளையைத் தவறாக அடித்தாலும் சரி, இல்லாத வரியைத் திருத்தச் சொன்னாலும் சரி, தேடிய சொல் அகப்படாமல் போனாலும் சரி, அது சொல்லும் பதில் இதுதான்:

?

ஒற்றைக் கேள்விக்குறி. நம் முதல் ஆசிரியரின் சிவப்பு மைக்கு இது அண்ணன்!

ஆனால் தாம்சனைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அன்று அவர் முன்னால் திரை இல்லை. டெலிடைப் என்ற மின் தட்டச்சுப் பொறிதான் இருந்தது. கணிப்பொறி சொல்வதையெல்லாம் அது காகிதச் சுருளில் தடதடவென்று அடித்துக் காட்டும். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய டெலிடைப் 33 என்ற பொறியின் வேகம் நொடிக்குப் பத்து எழுத்து. அறுபது எழுத்துகள் கொண்ட ஒரு வாக்கியத்தை அடிக்க அதற்கு ஆறு நொடி ஆகும். நாளொன்றுக்கு ஐம்பது தவறு செய்தால் ஐந்து நிமிடம் பிழைச் செய்தி கேட்பதிலேயே போய்விடும். மேலும், அதைப் பயன்படுத்தியவர்கள் அதே கட்டடத்தில் இருந்த ஒரு சிலரே. புரியாவிட்டால் பக்கத்து அறையில் கேட்டுக்கொள்ளலாம். எனவே அந்தக் கேள்விக்குறி அன்றைக்குச் சிக்கனம், சோம்பல் அல்ல. பின்னால் வந்த ஈடியில், ‘ஹெச்’ என்ற ஓர் எழுத்தை அடித்தால் கடைசிப் பிழை என்ன என்று விளக்கும் வசதியும் சேர்ந்தது.

இன்று கண் இமைக்கும் நேரத்தில் திரை முழுவதும் எழுத்துகள் நிறைந்துவிடுகின்றன. நிரலை எழுதியவரோ பக்கத்து அறையில் இல்லை. உலகின் எந்த மூலையிலோ இருக்கிறார். சிக்கனத்துக்கான காரணம் போய்விட்டது. வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

1980களில் வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்த எம்எஸ்-டாஸ் கணிப்பொறிகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசின. தெரியாத சொல்லை அடித்தால், ‘கெட்ட கட்டளை அல்லது கெட்ட கோப்புப் பெயர்’ என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் வரும். கட்டளையா, கோப்பா, இரண்டில் எது என்று சொல்லாது. பிளாப்பி வட்டைச் செருகாமல் அதைப் படிக்கச் சொன்னால், ‘கைவிடவா, மறுபடி முயலவா, பொருட்படுத்தாமல் விடவா?’ என்று கேட்கும். கைவிட்டால் என்ன இழப்போம், பொருட்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமலே நம்மை முடிவெடுக்கச் சொல்லும்! கட்டளையோடு ஒரு சாய்கோடும் கேள்விக்குறியும் சேர்த்து அடித்தால் உதவிக் குறிப்பு தோன்றும் வசதி 1991-இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் வந்தது.

தட்டச்சுப் பொறி அல்ல!

குறைவாகச் சொல்வது ஒரு குற்றம் என்றால், தவறானதைச் சொல்வது அதைவிடப் பெரிய குற்றம். இதற்கு யூனிக்ஸ் உலகிலேயே ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு.

பழைய யூனிக்ஸ் கணிப்பொறிகளில் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் சில வேளைகளில் முகவரியைத் தவறாக எழுதிவிடுவார்கள். அஞ்சல் திரும்பி வரும். திரும்பியதற்குக் காரணம் என்று அதில் எழுதியிருப்பது என்ன தெரியுமா? ‘இது தட்டச்சுப் பொறி அல்ல’!

எங்கிருந்து வந்தது இந்தத் தட்டச்சுப் பொறி? கதை இதுதான். யூனிக்ஸில் ஒவ்வொரு வகைத் தோல்விக்கும் ஓர் எண் உண்டு. 2 என்றால் ‘அப்படி ஒரு கோப்பு இல்லை’. 13 என்றால் ‘அனுமதி இல்லை’. 25 என்றால் ‘இது தட்டச்சுப் பொறி அல்ல’. ஒரு வேலை தோற்றால் அந்த எண் ஒரு பொதுவான இடத்தில் குறித்து வைக்கப்படும். அந்த இடத்தை ஒரு சிலேட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தோல்வி வரும்வரை பழைய எண் அழியாமல் சிலேட்டிலேயே இருக்கும்.

இப்போது ஒரு நிரல் கோப்பு ஒன்றில் எழுதத் தொடங்குகிறது. எழுதுவதற்கு முன், ‘நான் எழுதப்போகும் இடம் தட்டச்சுப் பொறியா, வேறொன்றா?’ என்று அது கணிப்பொறியைக் கேட்கும். தட்டச்சுப் பொறி என்றால் வரி வரியாக அனுப்ப வேண்டும். கோப்பு என்றால் மொத்தமாக அனுப்பலாம். அதற்காகத்தான் கேள்வி. ‘தட்டச்சுப் பொறி அல்ல’ என்று பதில் வருகிறது. சிலேட்டில் 25 ஏறுகிறது. இதில் பிழை ஏதும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டது, பதில் வந்தது, அவ்வளவே.

சற்று நேரம் கழித்து, முகவரி அகப்படாததால் அஞ்சல் உண்மையிலேயே தோற்கிறது. ஆனால் முகவரி தேடும் பகுதி சிலேட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. அஞ்சல் நிரலோ பழக்க தோஷத்தில் சிலேட்டை எட்டிப் பார்க்கிறது. அங்கே 25 இருக்கிறது. ‘ஐயா, இது தட்டச்சுப் பொறி அல்ல’ என்று எழுதிக் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுகிறது!

வகுப்புக் கரும்பலகையில் நேற்றைய வரலாற்றுப் பாடம் அழிக்கப்படாமல் இருக்க, இன்று அறிவியல் பாடத்தில் சந்தேகம் கேட்ட மாணவனுக்கு ஒருவர் அதைப் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? தோல்வி நடந்த அந்தக் கணத்தில், நடந்த அந்த இடத்தில், உண்மையான காரணத்தைப் பிடித்து வைக்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் இந்தக் கதிதான்.

கோளாறு 54

இதுவரை சொன்னவற்றைப் படித்துச் சிரிக்கலாம். இனிச் சொல்லப்போவது சிரிக்கக்கூடியது அல்ல.

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை தரும் தெராக்-25 என்ற கருவி கனடாவில் தயாரிக்கப்பட்டது. அதைக் கணிப்பொறி இயக்கியது. கருவியை இயக்குபவர் வேறோர் அறையில் திரைக்கு முன் அமர்ந்து, சிகிச்சை விவரங்களை எழுத்துகளாகத் தட்டச்சு செய்வார். 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகள் அதில் அளவுக்கு மிக மிக அதிகமான கதிர்வீச்சைப் பெற்றனர். அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தனர்.

1986 மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நடந்ததைப் பார்ப்போம். இயக்குபவர் எலெக்ட்ரான் கற்றைக்குரிய எழுத்துக்குப் பதில் எக்ஸ்-கதிருக்குரிய எழுத்தை அடித்துவிட்டார். உடனே தவற்றைக் கண்டுகொண்டு, விரைவாகத் திருத்திவிட்டுக் கருவியை இயக்கினார். கருவி நின்றது. திரையில் தோன்றியது: ‘கோளாறு 54’.

கோளாறு 54 என்றால் என்ன? கருவியின் கையேட்டில் விளக்கம் இல்லை. கருவியோடு இருந்த ஒரு தாளில், ‘அளவு உள்ளீடு 2’ என்ற பிழை என்று மட்டும் இருந்தது. அதற்கு என்ன பொருள்? கொடுக்கப்பட்ட அளவு மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ இருக்கிறது என்பதாம்! உயிரைக் கொல்லும் அளவுக்கும் ஒன்றுமே செய்யாத அளவுக்கும் ஒரே எண். போதாக்குறைக்கு, கேட்ட அளவில் சிறு பகுதியே தரப்பட்டது என்று திரை காட்டியது. அந்தக் கருவி சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் கோளாறு எண்களைக் காட்டிக்கொண்டே இருப்பது வழக்கம். ஒரு விசையை அழுத்தினால் மேலே தொடரும், அதுவும் வழக்கம். இயக்குபவர் விசையை அழுத்தினார். ஏற்கெனவே பேரளவில் கதிர்வீச்சுப் பட்டிருந்த நோயாளி மேல் இரண்டாம் முறையும் கற்றை பாய்ந்தது. ஐந்து மாதங்களில் அவர் இறந்தார். அடுத்த மாதமே அதே ஊரில், அதே கருவியில், மீண்டும் கோளாறு 54. அந்த நோயாளி மூன்று வாரங்களுக்குள் இறந்தார்.

ஃபிரிட்ஸ் ஹேகர் என்ற அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும் சேர்ந்து, பலமுறை தட்டச்சு செய்து பார்த்து, இந்தக் கோளாறு எப்போது வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். விவரங்களைக் குறிப்பிட்ட வேகத்தில் திருத்தினால், கருவியின் ஒரு பகுதி பழைய விவரத்தின்படியும் இன்னொரு பகுதி புதிய விவரத்தின்படியும் நடந்துகொண்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: விபத்துக்கு வேர் பிழைச் செய்தி அல்ல. நிரலில் இருந்த தவறும், முந்தைய கருவியில் இருந்த இயந்திரப் பாதுகாப்புப் பூட்டுகளை இதில் நீக்கிவிட்டதுமே காரணம். ஆனால் முதல் அடி விழுந்த பிறகு இரண்டாவது அடியைத் தடுத்திருக்கக்கூடியது எது? ‘எதிர்பார்த்த அளவும் கொடுத்த அளவும் பொருந்தவில்லை. அளவு மீறியிருக்கலாம். தொடராதீர்கள், நோயாளியைப் போய்ப் பாருங்கள்’ என்ற செய்தி வந்திருந்தால் யாராவது அந்த விசையைத் தொட்டிருப்பார்களா? பிழைச் செய்தியைப் பற்றி நான் இவ்வளவு நீட்டிப் பேசுவது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

‘புலி வருது’ கதை உங்களுக்குத் தெரியும். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கூச்சலிடும் நிரலும் அந்தச் சிறுவனைப் போன்றதே.

கடுகடுப்பும் கொஞ்சலும்

நல்ல பிழைச் செய்தியில் என்ன இருக்க வேண்டும்? நிரல் என்ன செய்ய முயன்றது, எந்தப் பொருளில் தடுக்கியது, ஏன் தடுக்கியது, நாம் இனி என்ன செய்யலாம் என்பவைதாம். ‘கோப்பு இல்லை’ என்பது போதாது. பத்துக் கோப்புகளைக் கொடுத்திருந்தால் எது இல்லை? ‘மதிப்பெண் என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை, பத்தாம்வகுப்பு என்ற அடைவில் அந்தப் பெயரில் எதுவும் இல்லை’ என்றால், எங்கே தேட வேண்டும் என்பது உடனே தெரிந்துவிடுகிறது.

தொனியும் முக்கியம். பழைய நிரல்கள் காவல் நிலையத்து மொழியில் பேசும். ஓர் எழுத்தை மாற்றி அடித்தால் ‘சட்டவிரோதம்’ என்னும். சிறு தடங்கலுக்கு ‘மரணப் பிழை’ என்னும். பென் ஷ்னைடர்மன் என்ற அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் 1982-லேயே இத்தகைய சொற்களை விட்டுவிட்டு, குறிப்பாகவும் பண்போடும் பேச வேண்டும் என்று எழுதினார். அது வேண்டியதுதான். ஆனால் இன்று சிலர் மறு கோடிக்குப் போய்விட்டார்கள். ‘அச்சச்சோ! ஏதோ தவறு நடந்துவிட்டது!’ என்று கொஞ்சுகிறது நிரல். ஏதோ என்றால் எது? இதற்கும் ஈடியின் கேள்விக்குறிக்கும் என்ன வேற்றுமை? கேள்விக்குறி ஓரெழுத்தில் முடிந்துவிடும். அந்த மட்டில் அது மேல்!

எழுத்துப் பிழை விஷயத்தில் நிரல்கள் உண்மையிலேயே முன்னேறியிருக்கின்றன. 1964-இல் ஃபிரெட் டாமெரோ என்பவர், எழுத்துப் பிழைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை நான்கே வகை என்று கண்டு எழுதினார். ஓர் எழுத்தைக் கூட்டுவது, ஓர் எழுத்தை விடுவது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை எழுதுவது, அடுத்தடுத்த இரண்டை இடம் மாற்றுவது. (கிராமத்துப் பேச்சில் மதுரை மருதையாவதும் குதிரை குருதையாவதும் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தவையே, மெய்கள் இடம் மாறுகின்றன.) அடுத்த ஆண்டு சோவியத் கணித அறிஞர் விளாதிமீர் லெவன்ஷ்டைன், ஒரு சொல்லை இன்னொரு சொல்லாக்க எத்தனை மாற்றம் வேண்டும் என்று எண்ணி, அதை அச்சொற்களுக்கு இடையே உள்ள தொலைவாகக் கொண்டார். கடல், உடல் இரண்டுக்கும் தொலைவு 1. கடல், கல் இவற்றுக்கும் 1. பட்டம், பாடம் என்றால் 2. எப்படி என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

2005-இல் வந்த ‘கிட்’ என்ற நிரலிடம், இல்லாத ஒரு கட்டளையைச் சொன்னால், தன் கட்டளைகளில் எது அதற்கு மிகக் குறைந்த தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டு, ‘இதற்கு மிக நெருங்கியது இதுதான்’ என்று காட்டும். காட்டுவதோடு நின்றுவிடுகிறது பாருங்கள், அதுதான் அழகு. அதுவாகவே திருத்திக்கொண்டு வேலையைச் செய்யலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். வாரன் டைட்டல்மன் 1960களின் பிற்பகுதியில், ‘நான் சொன்னதை அல்ல, நினைத்ததைச் செய்’ என்ற கருத்தில் ஒரு திருத்தும் நிரலை எழுதினார். சில கோப்புகளை மட்டும் அழிக்கச் சொன்ன ஒருவரின் கட்டளையை அது திருத்திப் புரிந்துகொண்டு, எல்லாக் கோப்புகளையும் அழிக்கக் கிளம்பிவிட்டது என்றொரு கதை கணிப்பொறியாளர்களிடையே வழங்குகிறது. யோசனை சொல்வது நிரலின் வேலை. முடிவு நம்முடையதாக இருக்கட்டும்.

கேட்ட உதவியும் கேளாத உபதேசமும்

உதவிக் குறிப்புக்கு வருவோம். யூனிக்ஸ் வழிவந்த நிரல்கள் பேசுவதற்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒன்றில் விடை போகும். மற்றொன்றில் பிழைச் செய்தி போகும். தொடக்கத்தில் இரண்டும் ஒரே வாய்க்காலில்தான் போயின. 1973-இல் ஒரு நிரலின் விடையை அப்படியே அடுத்த நிரலுக்கு அனுப்பும் குழாய் முறை வந்ததும் தொல்லை மிகுந்தது. முதல் நிரல் ‘கோப்பு இல்லை’ என்று சொன்னால், அடுத்த நிரல் அதையும் ஒரு விடை என்று நினைத்து அகர வரிசையில் அடுக்கி வைத்துவிடும்! சில ஆண்டுகள் இதைப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான், ரிச்சி பிழைக்கென்று தனி வாய்க்கால் வெட்டினார்.

நான் ஒரு நிரலிடம் ‘உதவி’ என்று கேட்டால், அந்த உதவிதான் நான் கேட்ட விடை. ஆகவே அது விடை வாய்க்காலில் வர வேண்டும். நிரலும் ‘வெற்றி’ என்று சொல்லி முடிய வேண்டும். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் விதிகளும் இதையே சொல்கின்றன. நான் தவறாக அடித்தால் மட்டும் பிழை வாய்க்காலில் பதில் வரட்டும்.

ஆனால் பல நிரல்கள் என்ன செய்கின்றன? ஒரு குறியைத் தவறாக அடித்ததும், பிழையை ஒரே வரியில் சொல்லிவிட்டு, அதன் பின்னாலேயே முழு உதவிக் குறிப்பையும் கொட்டுகின்றன. பழைய திரைகளில் 24 வரிகள்தாம் உண்டு. இன்றைய சன்னல்களும் பல இடங்களில் அதே அளவில்தான் திறக்கின்றன. உதவியோ நூறு வரி. பிழையைச் சொன்ன அந்த ஒரே வரி மேலே ஓடி மறைந்துவிடுகிறது! வழி தவறியவர் ‘எங்கே தப்பினேன்?’ என்று கேட்டால், மாவட்டத்தின் சாலைகளையெல்லாம் ஒப்பிப்பது போன்றது இது. லினக்ஸில் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ நிரலைப் பாருங்கள். அதன் உதவிக் குறிப்பு நூறு வரிக்கு மேல். ஆனால் தவறான குறியைக் கொடுத்தால் இரண்டே வரிதான் சொல்லும்: இந்தக் குறி எனக்குத் தெரியாது, மேலும் அறிய உதவியை இப்படிக் கேளுங்கள். இது போதும்.

உதவிக் குறிப்பின் உள்ளே என்ன இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எடுத்துக்காட்டுகள் முதலில் வர வேண்டும். பெரும்பாலான நிரல்கள் முதலில் ஒரு சூத்திரத்தைத் தருகின்றன. அதில் சதுர அடைப்புக்குள் இருப்பதை விரும்பினால் எழுதலாம், விட்டும்விடலாம். மூன்று புள்ளி இருந்தால் முன்னதைத் திரும்பத் திரும்ப எழுதலாம். நடுவில் நின்ற கோடு இருந்தால் இதுவோ அதுவோ. இந்த மரபு தெரிந்தவருக்கு அது தெளிவானதுதான். ஆனால் ஒரு பள்ளியில் நான் பார்த்த மாணவி, சதுர அடைப்புகளையும் சேர்த்து ஓர் எழுத்து விடாமல் அப்படியே தட்டச்சு செய்துவிட்டு, ‘எழுதியிருப்பது போலத்தானே அடித்தேன், சார்?’ என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தவறு? சூத்திரத்துக்கு மேலே அப்படியே அடிக்கக்கூடிய மூன்று எடுத்துக்காட்டுகள் இருந்திருந்தால் அவளே தெரிந்துகொண்டிருப்பாள்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. அதில் நிரல்களின் விளக்கத்தோடு, அவற்றில் உள்ள குறைகளை ஒப்புக்கொள்ளும் பகுதி ஒன்றும் இருந்தது. ஈடிக்காரர்கள் சிக்கனமானவர்கள்தாம், ஆனால் நேர்மையானவர்கள்!

தமிழில் சொல்லும்போது

பைத்தானில் எண் கேட்கும் ஒரு சிறு நிரல் எழுதி, அதனிடம் ‘பத்து’ என்று எழுத்தால் எழுதிப் பாருங்கள். பல வரிகளில் ஆங்கிலம் கொட்டும். மாணவர்கள் மேலிருந்து படிக்கத் தொடங்கி, இரண்டாம் வரியிலேயே பயந்துவிடுகிறார்கள். கீழிருந்து படியுங்கள். காரணம் கடைசி வரியில் இருக்கிறது. அதற்கு மேலுள்ள வரிகள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்ற வழியைச் சொல்பவை. 2021-இல் வந்த 3.10 பதிப்பு முதல் பைத்தானின் செய்திகளே நன்றாகத் தெளிந்திருக்கின்றன. அடைப்பை மூட மறந்தால், திறந்த அடைப்பு மூடப்படவில்லை என்று அந்த இடத்தையே சுட்டுகிறது. (இடையில் ஒரு வேடிக்கை: ‘௧௨’ என்று தமிழ் எண்ணில் எழுதிக் கொடுத்தால், பைத்தான் அதைப் பன்னிரண்டு என்று சரியாகவே எடுத்துக்கொள்ளும்!)

நீங்கள் எழுதும் நிரல் தமிழில் பேச வேண்டும் என்று நினைத்தால் ஒரு பொறி உண்டு, எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ‘திறக்க முடியவில்லை’ என்பதோடு கோப்பின் பெயரை ஒட்டினால் வாக்கியம் ஆகிவிடும். தமிழில் அப்படி ஒட்ட முடியாது. மரம் என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் மரத்தை. வீடு என்பதோடு சேர்ந்தால் வீட்டை. கல் என்பதோடு சேர்ந்தால் கல்லை. உங்கள் நிரலுக்கு இந்தப் புணர்ச்சி விதி தெரியாது. அது ‘மரம்ஐத் திறக்க முடியவில்லை’ என்று உளறும். பெயரை மேற்கோள் குறிக்குள் தனியே நிறுத்தி, ‘என்ற கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்று எழுதிவிட்டால் வேற்றுமை உருபு ‘கோப்பு’ என்ற சொல்லில் ஏறிக்கொள்ளும். பெயர் எதுவானாலும் கவலையில்லை. ஒன்றா பலவா என்பதையும் பாருங்கள். ‘1 கோப்புகள் அழிக்கப்பட்டன’ என்று படிக்க யாருக்குத்தான் பிடிக்கும்?

ஒரு சோதனை செய்யுங்கள். ஐந்து பாட மதிப்பெண்களைக் கேட்டு வாங்கிச் சராசரி சொல்லும் நிரல் ஒன்றை எழுதுங்கள். உங்கள் தம்பியையோ தங்கையையோ அதன் முன் உட்கார வையுங்கள். நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள். என்ன நடந்தாலும் வாய் திறக்கக் கூடாது. அவர்கள் 450 என்று அடிப்பார்கள். ஒன்றும் எழுதாமல் ‘என்டர்’ தட்டுவார்கள். ‘வரலை’ என்று எழுதுவார்கள். ஒவ்வொரு முறையும் நிரல் சொன்ன வாக்கியத்தைப் படித்துவிட்டு அவர்கள் தாமாகவே சரி செய்துகொள்கிறார்களா, உங்களைத் திரும்பிப் பார்க்கிறார்களா என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். திரும்பிப் பார்த்த இடத்திலெல்லாம் வாக்கியத்தை மாற்றி எழுதி, மறுநாள் வேறொரு பிள்ளையை உட்கார வையுங்கள்.